வெறும் பார்களின் சரித்திரம்

தூத்துக்குடியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் முத்துச் சிலாபம் நடந்த வருஷங்களையே எழுதியிருக்கிறார்கள். இது இயல்புதான். சிலாபம் நடந்தால் கணக்கு இருக்கும். எத்தனை தோணி, எத்தனை குளியாள், எத்தனை சிப்பி, ஏலத்தில் ஆயிரம் சிப்பி என்ன விலைக்குப் போயிற்று, சர்க்காருக்கு என்ன மிஞ்சிற்று என்று தாள்கள் சேரும். சிலாபம் நடக்காத வருஷத்துக்கு ஒரு வரிதான் மிஞ்சும்: பார்களைச் சோதித்தோம், சிப்பி போதாது. இந்த ஒற்றை வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் நாம் அறிந்த முத்துக்குளித்துறையின் சரித்திரம் வேறு முகம் கொள்கிறது.

1663இலிருந்து 1961 வரை, ஏறத்தாழ 300 வருஷ காலத்தில், இந்தியக் கரையில் நடந்த சிலாபங்கள் 38 என்று மீன்வள விஞ்ஞானிகள் கணக்கெடுத்திருக்கிறார்கள். சராசரியில் எட்டு வருஷத்துக்கு ஒன்று. சராசரியும் இங்கே ஏமாற்றுகிற விஷயம். சிலாபங்கள் கொத்தாக வருபவை: 1860 முதல் 1862 வரை, 1926 முதல் 1928 வரை, 1955 முதல் 1961 வரை. இரண்டு கொத்துக்கு நடுவே ஒரு தலைமுறை முழுக்கக் கழிந்துவிடுவது உண்டு. நடந்த வருஷத்திலும் அது சில வாரங்கள்தான். வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குமுன் கடல் தெளிந்து கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள். ஆக, முத்துக்கரை என்று உலகம் அறிந்த இந்தக் கரை முத்தெடுத்த நாட்கள், அதன் மொத்த நாட்களில் மிக மிகச் சொற்பம். மீதி நாட்களில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதே என் கேள்வி.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஊர்களுக்கு இதற்கு ஒப்பான ஒரு நிலை வாய்த்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிக் குளிர்கால விருந்தினரை நம்பியே அந்த ஊர்கள் வாழப் பழகின. பனியில் சறுக்க வருபவர்கள், அவர்களுக்கு விடுதி நடத்துபவர்கள், கற்றுத் தருபவர்கள், கம்பித் தொட்டில் ஓட்டுபவர்கள் எல்லோரும் டிசம்பரில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். பனி பெய்யாத வருஷத்தில் மலை புல்லும் கல்லுமாய் நிற்கிறது. 1964இல் இன்ஸ்புருக் நகரில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது பனியே இல்லை. ஆஸ்திரிய ராணுவம் மலை உயரத்திலிருந்து 20,000 பனிக்கட்டிப் பாளங்களை வெட்டியும், 40,000 கன மீட்டர் பனியை அள்ளியும் கொண்டுவந்து சரிவுகளில் கொட்ட வேண்டியிருந்தது. 10 குளிர்காலங்களில் குறைந்தது ஏழிலாவது, 100 நாளைக்கு, முப்பது சென்டிமீட்டருக்குக் குறையாத பனி கிடக்குமானால்தான் ஒரு மலை ஊரை நம்பத்தக்கது என்று சுவிஸ் ஆய்வாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். அந்த அளவுகோலை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவந்தால் சிரிப்பு வரும். பத்தில் ஏழு அங்கே. இங்கே எட்டில் ஒன்று. ஆனால் எட்டில் ஒன்றை நம்பித்தான் இங்கே துறைமுகங்கள் எழுந்தன, மதம் மாறிற்று, கோட்டை கட்டப்பட்டது, மூன்று ஐரோப்பிய அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தன.

இந்த ஒப்புமையை நான் வலிந்து தேடிப் போகவில்லை. ஊரே அதைத் தன் நடுவில் வைத்திருக்கிறது. தூத்துக்குடிப் பரதவரின் தாய், பனிமய மாதா. ரோம் நகரில் எஸ்குவிலின் குன்றின்மேல், நான்காம் நூற்றாண்டில், ஆகஸ்ட் மாதக் கோடையில் பனி பெய்து, மாதாவுக்குக் கோயில் எழவேண்டிய இடத்தைக் காட்டிற்று என்பது ஐதிகம். போர்த்துகீசியரோடு அந்தப் பெயர் கடல் கடந்து வந்து, பனி என்றால் மார்கழி விடியலின் ஈரம் என்று மட்டுமே அறிந்த ஒரு ஜனத்தின் வாயில் நிலைத்துவிட்டது. இன்றுள்ள கோயில் 1713இல் முடிந்தது. 1982இல் அது பேராலயமாக உயர்த்தப்பட்டது. திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் முடிகிறது. அதுவோ கச்சான் காற்று வீசும் காலம். கடல் கலங்கி, சிலாபத்தைப்பற்றி யாரும் நினைக்கவும் முடியாத காலம். 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேரும் வருஷந்தோறும் ஓடுவதில்லை. பல வருஷங்களுக்கு ஒருமுறைதான் வடம் பிடிக்கிறார்கள், 2023இல் பிடித்தார்கள். எது எப்போதாவது மட்டும் வருமோ அதற்காகத் தயாராக இருப்பது இந்த ஊரின் பழக்கம்.

சிலாபம் ஏன் வருஷந்தோறும் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சிப்பியின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஏழெட்டுப் பாகத்திலிருந்து பன்னிரண்டு பாகம் வரை ஆழத்தில், மணல் தரைக்கு நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. இவையே பார்கள். தூத்துக்குடிக்கு நேரே உள்ள தொள்ளாயிரம் பார் இவற்றில் பெயர் பெற்றது. சிப்பி ஈனும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத உருவில் மூன்று வாரம் போல நீரோட்டத்தோடு மிதக்கிறது. பிறகு எங்கேயாவது பற்றியாக வேண்டும். பாறையிலோ, பழைய சிப்பி ஓட்டிலோ பற்றினால் பிழைக்கும். மணலில் விழுந்தால் சாகும். பற்றியதும் கதை முடிவதில்லை. திருக்கையும் கிளாத்தியும் மேய்கின்றன. நட்சத்திர மீன் தின்கிறது. சூரன் என்ற மட்டி பாய் விரித்தாற்போல் படர்ந்து மூச்சை முட்டுகிறது. பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் மணலைப் புரட்டிப் பாரையே மூடிவிடுகிறது. இவ்வளவையும் தாண்டி நாலு வருஷம் உயிரோடிருந்தால்தான் முத்து எடுக்கும் அளவுக்கு வயது. ஆறு வருஷத்துக்குமேல் சிப்பி தானாகவே சாகத் தொடங்கும். எனவே நாலுக்கும் ஆறுக்கும் இடையில் ஓர் இடுக்கு. அந்த இடுக்கில் கடலும் அமைதியாக இருந்து, சர்க்காரும் விழித்திருந்தால் ஒரு சிலாபம்.

மன்னார்ப் பக்கத்தில், இலங்கைக் கடலில், பெரிய பார் என்று ஒன்று உண்டு. குளியாட்கள் அதைத் தாய்ப்பார் என்று அழைத்தார்கள். அங்கே எப்போதும் குஞ்சுச் சிப்பி நிறைந்து கிடப்பதையும், பின் அது மறைந்துவிடுவதையும் கண்டு, அங்கிருந்துதான் மற்றப் பார்களுக்குச் சிப்பி போய்ச் சேருகிறது என்று நம்பினார்கள். 1902இல் இலங்கை அரசின் அழைப்பில் வந்த ஹெர்ட்மன் என்ற லிவர்பூல் பேராசிரியர் பழைய சோதனைக் குறிப்புகளைப் புரட்டியபோது வேறு கதை வெளிப்பட்டது. 1880க்குப் பிறகு அந்தப் பாரில் 11 தடவை குஞ்சு நிறைந்திருக்கிறது. 11 தடவையும் அது வளராமல் அழிந்திருக்கிறது. ஒரு சிலாபமும் இல்லை. திறந்த கடலை நோக்கிக் கிடக்கும் பார் அது. தென்மேற்குப் பருவக்காற்று ஒவ்வொரு தடவையும் அதைத் துடைத்துப் போட்டுவிட்டது.

தாய் என்று பெயர் வைத்தவர்களின் கணிப்பு பிசகு என்று விஞ்ஞானம் சொல்லிற்று. ஆனால் பெயர் பிசகு என்று எனக்குத் தோன்றவில்லை. 11 தடவை பெற்று 11 தடவையும் பறிகொடுத்த ஒன்றை வேறு என்ன பெயரிட்டு அழைப்பது? மேலும், நாம் வெறுமை என்று சொல்வதன் யோக்கியதையும் இங்கே தெரிகிறது. சர்க்கார் கணக்கில் பெரிய பார் 20 வருஷமாக வெறும் பார். கடலின் கணக்கில் அது வருஷம் விட்டு வருஷம் உயிரால் மூடிக் கிடந்த பார். வெறுமை என்பது விற்பனைக்கு ஒன்றும் இல்லை என்பதன் இன்னொரு பெயர்.

சோதனை எப்படி நடந்தது என்பதும் கவனிக்கத் தகுந்தது. மழைக்காலத்துக்கு முன்பின்னாக ஒரு தரம், மார்ச் நெருங்கும்போது ஒரு தரம், சோதனை அதிகாரி தோணிகளோடு பார்களுக்குப் போவார். குளியாட்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மூழ்கிக் கைக்கு எட்டியதை எடுத்து வருவார்கள். ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி, எந்த வயசு என்று எழுதுவார்கள். வயசு சரியாக இருந்தால் சில ஆயிரம் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்தை வியாபாரிகள் மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று தேறினால் அறிவிப்பு வெளியாகும். பிறகு வெறும் மணற்கரையில், சில வாரத்தில், ஓலையும் கம்புமாக ஓர் ஊர் முளைக்கும். சிப்பியைக் கொட்டி அழுகவைக்கும் கொட்டுகள், கடை, காவல், ஆஸ்பத்திரி, ஏலக்களம். காயல், கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபுக்கரை என்று திசைக்கொன்றாக ஜனம் வந்து சேரும். சிலாபம் முடிந்ததும் அந்த ஊர் நாற்றத்தை மட்டும் விட்டுவிட்டு மறைந்துபோகும்.

தேறாவிட்டால் அந்த ஒற்றை வரி. 1830இல் தூத்துக்குடியில் ஒரு சிலாபம். அதற்குப் பிறகு 1856 வரை 13 தடவை பார்களைச் சோதித்தார்கள். 13 தடவையும் போதுமான சிப்பி இல்லை. மறுபடி சிலாபம் நடந்தது 1860இல். நடுவே 30 வருஷம். 1830இல் இருபது வயதில் கல்லைக் காலில் மாட்டி இறங்கியவனுக்கு 1860இல் வயது ஐம்பது. இறங்க மூச்சு இருக்காது. 1830இல் பிறந்தவனோ முப்பது வயது வரை முத்துச் சிப்பியைக் கடலடியில் கண்டிருக்க மாட்டான். ஒரு தலைமுறை முழுவதும் தன் தொழிலை அப்பன் வாய்க்கதையாகவே கேட்டுக் கற்றிருக்க வேண்டும். இலங்கைப் பக்கத்திலும் இதே கதை: 1838 முதல் 1854 வரை சிலாபம் இல்லை, 1891க்குப் பிறகு 1903 வரை இல்லை.

காத்திருப்பு நீண்டால் காரணம் தேடுவது மனித சுபாவம். அந்த 30 வருஷத்துக்கு அதிகாரிகள் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. பாம்பன் கால்வாயைக் கப்பல் போக ஆழப்படுத்தி அகலப்படுத்தியதால் நீரோட்டம் வேகமடைந்து சிப்பி பற்ற முடியாமல் போயிற்று என்பது ஒன்று. சங்கு குளிப்பவர்கள் பார்களில் இறங்கிக் கெடுத்துவிட்டார்கள் என்பது மற்றொன்று. முதற்காரணம் சர்க்காரின் கையை நோக்கி விரல் நீட்டுவது. இரண்டாவது குளியாளின் கையை நோக்கி நீட்டுவது. இரண்டில் எது நடவடிக்கைக்கு வசதி என்று சொல்லத் தேவையில்லை. கால்வாயை மறுபடி குறுக்க முடியாது. குளியாளை விரட்ட முடியும். இப்படியாக, சிலாபம் இல்லாத வருஷங்கள் சந்தேகத்தின் வருஷங்களாக ஆயின. தன் வீட்டு வாசலுக்கு நேரே உள்ள கடலடியில் கை வைத்தால் திருட்டு என்ற நிலை சிலாப வருஷத்தைவிட வெறும் வருஷத்தில்தான் கூர்மையாகத் தெரியும்.

இது பழைய சங்கதிதான். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடல் பயணக் கையேடு, கொற்கையின் முத்துக்குளிப்பைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்ததாகக் கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியதில் இன்னும் விசேஷமான செய்தி உண்டு. சுறாக்களைக் கட்ட மந்திரம் போடும் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. அந்த மந்திரக்காரர்கள் பகலில் போட்ட கட்டை ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்களாம். இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக இறங்காமலிருக்க. பகலில் குளியாளைக் காக்கும் மந்திரமே ராத்திரியில் அவனுக்கு எதிரான பூட்டு. கடல்கட்டி என்ற இந்தப் பதவி பெயர் மாறாமல் 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில சர்க்கார் வரை நீடித்தது. நம்பிக்கை இல்லாத சர்க்காரும் அவனுக்குச் சிப்பி அளந்து கொடுத்தது. அவன் இல்லாவிட்டால் குளியாள் இறங்க மாட்டான் என்பதால்.

இந்தக் கரையின் மதமாற்றத்தையும் காத்திருப்பின் சரித்திரத்தில் வைத்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1530களின் நடுவில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, அதற்கு ஈடாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தபோது அவர்கள் பெயரளவில் கிறிஸ்துவர்களாக இருந்தார்கள். கரையில் முஸ்லிம் வியாபாரிகளோடும் குளியாட்களோடும் இருந்த போட்டியே இதற்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். போட்டி எதற்கு? நடந்துகொண்டிருக்கிற சிலாபத்துக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. அடுத்த சிலாபம் எப்போது வந்தாலும் அப்போது தோணியை முன்னே நிறுத்தும் உரிமை யாருக்கு என்பதற்காக. வராத ஒன்றின்மேல் வைத்திருக்கும் உரிமைதான் வந்த ஒன்றின் பங்கைவிட நீடிக்கும் சொத்து. சாதித் தலைவரின் சிலாப உரிமைகளைப் போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் ஏதோ ஒரு வடிவில் ஒப்புக்கொண்டதும் அதனால்தான். தங்கத்தேர் செய்ததும் ஒரு சாதித் தலைவரே.

இனி, காத்திருக்கும்போது யார் எதைத் தின்றார்கள் என்ற கேள்வி. சர்க்காருக்கு வேறு வருமானம் உண்டு. வியாபாரிக்கு வேறு சரக்கு உண்டு. பாரசீக வளைகுடாவில் வருஷந்தோறும் குளிப்பு நடந்ததால் முத்துக்குப் பஞ்சமும் இல்லை. குளியாளுக்குச் சங்கு இருந்தது. முத்தைப்போலன்றி சங்கு ஏறக்குறைய வருஷந்தோறும் கிடைப்பது. அது சர்க்கார் ஏகபோகமாக எடுக்கப்பட்டு, வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் வளையாக அறுபட்டது. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் மூச்சடக்கும் வித்தை 30 வருஷ இடைவெளியைத் தாண்டி உயிரோடிருந்தது சங்கினால். முத்து ராஜாக்களுக்குப் பெயர் கொடுத்தது. சங்கு குளியாளுக்குச் சோறு போட்டது. ஆனால் கரைக்கு முத்துக்குளித்துறை என்றுதான் பெயர். மற்றவர்கள் மீன்வலைக்கும், கொழும்புக்குப் போகும் தோணிக்கும், பிறகு உப்பளத்துக்கும், 1888இல் தொடங்கிய ஹார்வி பஞ்சாலைக்கும் போனார்கள்.

காத்திருக்கத் தெரியாதவர்கள் இந்தக் கடலில் என்ன ஆவார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1903இல் இலங்கைப் பார்கள் மறுபடி பலித்தன. 1905இல் எட்டுக் கோடிச் சிப்பி எடுத்தார்கள். சர்க்காருக்கு 25 லட்ச ரூபாய் சேர்ந்தது. இதைக் கண்டு லண்டனில் ஒரு கம்பெனி தோன்றி, 1906இல் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. வருஷ வாடகை 3,10,000 ரூபாய். அந்த வருஷச் சிலாபத்தில் இளம் சர்க்கார் அதிகாரியாக வேலை பார்த்த லெனர்ட் உல்ஃப் பின்னாளில் தன் சுயசரிதையில் அதை விவரித்திருக்கிறார்: குளித்தெடுத்த சிப்பியை மூன்று குவியலாக்கி, இரண்டைச் சர்க்காருக்கு ஒதுக்கி, ஒன்றைக் குளியாட்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். 1907க்குப் பிறகு பார்கள் கையை விரித்துவிட்டன. கம்பெனி குத்தகைக் காலத்தில் பாதிகூட ஓடாமல் நொடித்தது. அதே 1906இல்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதுவும் 1911க்குள் முடிந்துவிட்டது. ஒன்று கடலடியை நம்பிற்று. மற்றொன்று கடலின் மேல்தளத்தை நம்பிற்று. முதலாவதை இயற்கை கொன்றது. இரண்டாவதைப் போட்டிக் கம்பெனியும் அதற்குத் துணை நின்ற சர்க்காரும் கொன்றன. இரண்டையும் ஒரே வரியில் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகிற சரித்திரம் சோம்பேறிச் சரித்திரம்.

காத்திருக்க மறுத்து, இயற்கையின் வேலையைத் தானே செய்யும் முயற்சியும் பழையதே. 1860களில் தூத்துக்குடிப் பார்களின் பொறுப்பிலிருந்த காப்டன் பிப்ஸ், துறைமுகத்துக்குள் சிப்பிக்கு நாற்றங்கால் வைத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. ஹெர்ட்மனின் உதவியாளராக வந்து பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் தலைவரான ஜேம்ஸ் ஹார்னல், குஞ்சுச் சிப்பியைப் பத்திரமான பாருக்குப் பெயர்த்து நடுவதையே வழியாகக் கண்டார். இதற்கிடையே ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் சிப்பிக்குள் கருவை வைத்து அரைமுத்தும், அடுத்த இரண்டொரு பத்தாண்டில் ஜப்பானியர் முழுமுத்தும் விளைவித்தனர். 1930களுக்குள் பஹ்ரைன், குவைத் கரைகளின் முத்துத்தொழில் சரிந்தது. மன்னார் வளைகுடா அந்தச் சரிவைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்குச் சிலாபமே அபூர்வம். விழுவதற்கு உயரத்தில் இருந்தால்தானே.

பிறகு 1955 வந்தது. அதிலிருந்து ஏழு வருஷம் தொடர்ந்து சிலாபம். சுதந்திர இந்தியாவின் ராஜ்ய சர்க்கார் நடத்திய இந்தத் தொடர், நெடுங்காலத்தில் காணாத விளைச்சலைத் தந்தது. 1961இல் நின்றது. அன்று அது ஒரு சாதாரண இடைவெளி என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். 30 வருஷம் பொறுத்த கரைதானே. விஞ்ஞானிகள் மூச்சுக்கருவி அணிந்து இறங்கிப் பார்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். சிப்பி அங்கங்கே பற்றியது. நாலு வருஷம் நிலைக்கவில்லை. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. விசைப்படகுகளின் இழுவலை வந்தது. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பினார்கள். ரசாயன ஆலையும் அனல்மின் நிலையமும் எழுந்தன. 1986இல் தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. சிலாபம் மட்டும் திரும்பவில்லை. அறுபது வருஷம் தாண்டிய இந்த இடைவெளி, முந்திய இடைவெளிகளைவிட நீளத்தில் மட்டும் வேறுபட்டதல்ல. 1860இல் திரும்பிய சிப்பிக்குத் திரும்பி வரக் கடல் இருந்தது.

இந்த இடைவெளிக்குள்தான் விஞ்ஞானம் வென்றதும். 1973இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமியும் அவரது சகாக்களும் இந்தியாவின் முதல் வளர்ப்பு முழுமுத்தை எடுத்தார்கள். 1981இல் அதே நிலையம் சிப்பிக் குஞ்சையே தொட்டியில் பொரித்து வளர்த்துக் காட்டிற்று. 1985இலிருந்து லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கொண்டுபோய்ப் பார்களில் விட்டார்கள். ஹார்னல் கனவு கண்டது இதைத்தான். பார்கள் அதற்கும் மசியவில்லை.

ஆல்ப்ஸ் ஊர்களும் இதே வழியில் போயின. 1980களின் இறுதியில் தொடர்ந்து பொய்த்த குளிர்காலங்களுக்குப் பிறகு, நீரைத் துளியாக்கிப் பீச்சிப் பனி செய்யும் இயந்திரங்களை மலையெங்கும் நிறுத்தினார்கள். இன்று இத்தாலியின் சறுக்குப் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த யந்திரப் பனியை நம்பியவை. ஆனால் யந்திரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: காற்று உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஐரோப்பாவில் குளிரே வராதபோது, தாழ்ந்த ஊர்களில் இயந்திரமும் சும்மா நின்றது. பனியைச் செய்யலாம், குளிரைச் செய்ய முடியாது. குஞ்சைப் பொரிக்கலாம், பாரைச் செய்ய முடியாது. எதை நாம் பொருள் என்று நினைத்துச் செய்யக் கற்றோமோ அது விளைவு மட்டுமே. விளைவதற்கு இடம்தரும் நிலை நம் கையில் இல்லை, அல்லது இருந்ததைக் கெடுத்துவிட்டோம்.

கடைசியாக, நம் இலக்கியம். சங்கக் கவிகளிலிருந்து கொற்கை முத்து தமிழில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. பாண்டியன் மனைவியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். அந்த வித்தியாசத்தில் ஒரு ராஜ்யம் எரிந்துபோயிற்று. பல்லுக்கு முத்து, வியர்வைக்கு முத்து, சொல்லுக்கு முத்து என்று உவமை தேய்ந்து வழக்காகி, இன்று கடைப்பலகையில் வந்து நிற்கிறது. இவ்வளவிலும் முத்து எடுத்தாகிவிட்டது, துளையிட்டாகிவிட்டது, கோத்தாகிவிட்டது. எடுக்கப் போய் வெறுங்கையோடு மேலே வந்தவனின் முகம் கண்ணில் படுவது அரிது. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2009இல் வந்து பரதவர் வாழ்வை உள்ளிருந்து சொன்னது; அதில் தோணியும் உப்பும் வியாபாரமும் பிடிக்கிற இடம், முத்தைப்பற்றி நாம் பாடிவைத்திருக்கிற பாட்டுக்களுக்கு நல்ல பதில்.

நான் கேட்பது முத்துக்குப் பதிலாக வறுமையைப் பாடுங்கள் என்றல்ல. அதுவும் இன்னொரு ஆபரணம் ஆகிவிடும். ஒரு சமூகம் எட்டில் ஒன்றாக வருகிற, பிறகு வராமலே போன ஒரு பருவத்தைச் சுற்றித் தன் கோயிலையும் பதவியையும் சண்டையையும் கடனையும் அமைத்துக்கொண்டு நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அந்த வாழ்வின் பெரும்பகுதி, சோதனைத் தோணி கரைக்குத் திரும்பிய பிறகு நடந்தது. 1830க்கும் 1860க்கும் இடையே 13 தடவை அந்தத் தோணி திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கரையில் ஆட்கள் நின்றிருப்பார்கள். இறங்கி வந்தவன் ஏதாவது சொல்லியிருப்பான். அதிகாரி எழுதிய ஒற்றை வரி நம்மிடம் இருக்கிறது. அவன் சொன்னதை எழுதும் வேலை மீதமிருக்கிறது.